அரைத் தலைக்கட்டு

செந்துறை வழி, நம் ஊர்
9.3.2025

தம்பி தமிழழகனுக்கு,

இங்கு நலம். நீ நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், உன் அறிக்கையிலேயே போட்டிருக்கிறதே.

அக்கா ஏன் என் நம்பரை பிளாக் செய்தாள் என்று என் மகளிடம் கேட்டாயாம். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ இருபது வார்த்தை சொல்வாய். அப்புறம் "கிளாஸ் இருக்குக்கா, வெச்சிடறேன்" என்பாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் நீ மைக் பிடித்துப் பேசினாய். அறக்கட்டளைக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அப்பன் சம்பாதித்ததைவிடப் பிள்ளை எவ்வளவு மேலே போயிருக்கிறான் என்று பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் கிராமம் கிராமமாக அளந்தோம், நம் ஊருக்குத்தான் முதலிடம் என்றாய். பத்து வீட்டில் ஏழு வீட்டுப் பிள்ளைகள் அப்பனைத் தாண்டிவிட்டார்கள் என்றாய். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கைதட்டினேன், பாவி. அதற்கப்புறம்தானே அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்தார். "ரொம்ப மகிழ்ச்சி. முன்னேறின ஊருக்கு எங்க உதவி எதுக்கு? ஜூன்லேர்ந்து வேனைப் பின்தங்கின ஊருக்கு மாத்தறோம்" என்றார்.

என்ன வேன் என்று உனக்கு மறந்திருக்கும். காரில் போகிறவனுக்கு எதற்கு ஞாபகம் இருக்கப் போகிறது? அரியலூர் ஸ்கூலில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிவதற்குள் இருட்டிவிடும். நம் ஊர் வழியாக வரும் கடைசி டவுன் பஸ் அதற்கு முன்பே போய்விடும். அந்த வேன்தான் பெண்பிள்ளைகளை வாசலில் கொண்டுவந்து இறக்குகிறது. என் மகள் நந்தினி வருகிற ஜூனில் ப்ளஸ் டூ. வேன் நின்றால் அவள் படிப்பும் நின்றது. மேலத்தெருவில் ஒரு பெண்ணுக்கு இப்போதே ஜாதகத்தை எடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் எழுந்து, என் கான்ட்ராக்ட் வேலையையும் சம்பளத்தையும் சொல்லிக் கத்தினேன். "எங்கப்பா சம்பாதிச்சதுல நான் பாதிகூடச் சம்பாதிக்கல. என்னை எந்தக் கணக்குல எழுதினே?" என்று கேட்டேன். நீ மைக்கை வாயிலிருந்து எடுக்காமலேயே, "அக்கா, வூட்டுல போயிப் பேசிக்கலாம்" என்றாய். கூட்டமே சிரித்தது.

எந்த வீட்டில் பேசுவது? என் வாசலுக்கு உன் ஆட்கள் வரவே இல்லை, உன் கணக்கில் எனக்கு வீடே இல்லையே. கேட்டதற்குப் பதில் எழுது.

கண்ணகி


பெரம்பலூர்
15.3.2025

அக்கா,

பதிலே போடக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

முதலில் அப்பா விஷயம். ஆலையில் பர்மனென்ட் ஃபிட்டராக இருந்து, ரிட்டயர் ஆனபோது மாலை போட்டு அனுப்பி வைக்கப்பட்ட மனுஷன் அவர். "என் மவளும் அதே ஆலையில ஆபீஸ் வேல பாக்குது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ கான்ட்ராக்டில் இருக்கிறாய், லாரிக்குச் சீட்டு அடித்துக் கொடுக்கிறாய், மாசம் இவ்வளவுதான் கையில் வருகிறது என்று நடுக்கூட்டத்தில் போட்டு உடைத்தாயே, அவர் முகத்தைப் பார்த்தாயா? அன்றிலிருந்து டீக்கடைப் பக்கமே போவதில்லையாம். அதற்கும் நான்தான் காரணம் என்பாயா?

அப்புறம், எதிர்வீட்டு ஜெயலட்சுமி அக்காவிடம் நான் அறக்கட்டளைக் காசில் பிளாட் வாங்கினேன் என்று சொன்னாயாம். அது பேங்க் கடன், அக்கா. நான் ரிட்டயர் ஆகும்வரை கட்டவேண்டிய கடன். இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்தது பெட்ரோல் காசு. வாலிகண்டபுரம் பக்கம் வெயிலில் அலைந்து எனக்கு மூக்கில் ரத்தமே வந்தது. கூடப்பிறந்தவள் பேசுகிற பேச்சா அது?

நீ கேட்டதற்கு வருகிறேன். வீம்புக்கு உன்னை விடவில்லை. இந்த மாதிரி ஆய்வுகளைப் பல இடத்திலும் அப்பன், மகன் என்றுதான் வைத்து அளக்கிறார்கள். மகள் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அவள் வருமானம் எது, புருஷன் வருமானம் எது என்று பிரிக்க முடியாது. ஊர் ஊராகத் தேடிப் போக எங்களிடம் ஆளும் இல்லை. எந்தெந்த வீட்டுக்குப் போவது என்பதற்கும் ஒரு பட்டியல் வேண்டும். ரேஷன் கார்டை நம்ப முடியாது, ஒரே அடுப்பில் சமைக்கிறவர்கள் அரிசிக்காக இரண்டு கார்டு வைத்திருக்கிறார்கள். அதனால் எல்லா ஊரிலும் கோயில் தலைக்கட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். திருவிழா வரி கட்டுகிற பட்டியலில் எவனும் இல்லாத வீட்டைக் காட்டமாட்டான் அல்லவா? காலேஜில் எல்லாரும் இதைப் பாராட்டினார்கள்.

அந்தப் பட்டியலில் உன் பெயருக்கு நேரே 'அரை' என்று இருந்தது. கணக்கெடுத்த என் காலேஜ் பையன்கள் போன் போட்டு, "சார், கம்ப்யூட்டர்ல அரை வீடுன்னு ஏத்த முடியல, என்ன பண்றது?" என்றார்கள். "விட்டுடுங்கப்பா" என்றேன். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த வார்த்தை அது, எனக்கு எதுவும் உறுத்தவில்லை. எல்லா ஊரிலும் அப்படியே செய்தோம். உனக்கென்று தனியாக எந்த அநியாயமும் நடக்கவில்லை.

தமிழழகன்


21.3.2025

தம்பி,

'விட்டுடுங்கப்பா'. அடேயப்பா, எவ்வளவு சுலபமாக வந்திருக்கிறது உன் வாயில்!

கல்யாணம் கட்டிய ஆம்பளை ஒரு தலைக்கட்டு. புருஷன் செத்தவள் அரைத் தலைக்கட்டு. அரைக்கு வரியில் பாதி. பாதி வரி கட்டுகிறவள் கோயில் கூட்டத்தில் வாயைத் திறக்கக்கூடாது. நந்தினியப்பா லாரியில் அடிபட்டுச் செத்த வருஷமே நான் பிள்ளையோடு இங்கே வந்து சேர்ந்தேன். கண்ணீர் காய்வதற்குள் என்னை அரை என்று எழுதிவிட்டார்கள். அது ஊர் எழுதியது, ஊர் வழக்கம் அப்படி. உனக்கு என்ன வந்தது? அரையை எடுத்துச் சைபர் ஆக்கியவன் நீதானே! ஊர்க்காரர்கள் பாதியாவது மதித்தார்கள்.

இன்னொன்று கேட்கிறேன், பதில் சொல். நீ பெரம்பலூரில் பெண்டாட்டியோடு நாலாவது மாடியில் குடியிருக்கிறாய். பொங்கலுக்கு வந்து கரும்பைக் கடித்துவிட்டுப் போகிறாய். ஆனால் உனக்கும் சேர்த்து அப்பா இரண்டு தலைக்கட்டு வரி கட்டுகிறார். அதனால் நீ ஊர்க்காரன், அப்பனைத் தாண்டிய மகன், அந்த ஏழு பேரில் ஒருவன். நான் அப்பா வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இருக்கிறேன். தினம் அவருக்கு ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நான் இந்த ஊரிலேயே இல்லை. இதைப் படிப்பு என்கிறாயா?

அப்பாவின் முகத்தைப் பார்த்தாயா என்கிறாய். பார்த்தேன். அவர் முப்பது வருஷமும் முன்பக்க கேட் வழியாகப் போனார். கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பின் கேட். லாரிப் புழுதியில் முக்காடு போட்டுக்கொண்டு அந்த வழியாகத்தான் போகிறேன். அவருக்கு கேன்டீனில் டோக்கன் இருந்தது, நான் டப்பாவில் தயிர்சாதம் கொண்டுபோகிறேன். அவருக்கு பி.எஃப். பணத்தில் மாடி வந்தது, எனக்குக் கான்ட்ராக்டர் மாறினால் வேலையே போய்விடும். எட்டாவது படித்தவருக்கு அது, பி.எஸ்ஸி. படித்தவளுக்கு இது. இதைச் சொன்னதில் அவருக்கு அவமானம் என்றால், அந்த அவமானத்துக்குத் தினம் ஷிப்ட் போகிறவள் நான்.

நான் இறங்கியவள், தமிழு. பாவம் அக்கா என்று நீ இரக்கப்பட வேண்டாம். இறங்கினாள் என்று எழுது, அது போதும். எங்களை விட்டுவிட்டு அளந்ததால்தான் ஊர் உசரமாகத் தெரிகிறது. அதைக் காட்டித்தான் என் பிள்ளையின் வேனைப் பிடுங்குகிறார்கள்.

பிளாட் பற்றி ஆத்திரத்தில் சொன்னேன். ஜெயலட்சுமியைக் கூப்பிட்டு இல்லை என்று சொல்லிவிட்டேன். அதற்காக உன் அறிக்கை சரியாகிவிடாது. ஆம்பளையாக இருந்தால் வந்து எண்ணு. பையன்களை அனுப்பாதே, நீயே வா.

கண்ணகி


பெரம்பலூர்
7.4.2025

அக்கா,

வந்தேன், எண்ணினேன். உனக்கு இப்போது திருப்திதானே?

"வாங்க சார், உக்காருங்க சார், மோர் குடிக்கிறீங்களா சார்" என்று வாசலில் நாற்காலி போட்டாயே, அதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். தந்தையின் தொழில் என்று கேட்டால், "உங்களுக்குத் தெரியாதுங்களா சார்?" என்கிறாய். நந்தினி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடுகிறாள். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் என்ன, ஜப்தி பண்ணவா வந்தேன்?

இருந்தாலும் எல்லா அரை வீட்டிலும் ஏறி இறங்கினேன். நம் ஊரோடு நிற்கவில்லை. அறக்கட்டளை பார்க்கிற மற்ற ஊர்களுக்கும் லீவு போட்டுப் போனேன். கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் ஒரு வழி கிடைத்தது. மகன் வெளியூரில் இருந்தால் அவன் எங்கே வேலை செய்கிறான் என்று அப்பன்மாருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் மகள் எந்த மில்லில், எந்த ஜவுளிக்கடையில் நிற்கிறாள், புருஷன் காசு எவ்வளவு, அவள் காசு எவ்வளவு என்று அம்மாக்களுக்கு அத்தனையும் தெரிகிறது. நம்பரும் வைத்திருக்கிறார்கள். போன் போட்டுக் கேட்டால் அந்தப் பெண்கள் ஒளிக்காமல் சொல்கிறார்கள். பிரிக்க முடியாது என்று உனக்கு எழுதினேன் அல்லவா, ஒரு வாரத்தில் பிரித்தாகிவிட்டது.

ஜெயலட்சுமி அக்காவின் அப்பா சொந்த டிராக்டர் வைத்திருந்தவராமே! அந்த அக்கா இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். "எங்கப்பா வருமானம் எவ்ளோன்னு இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்ல தம்பி, எங்கண்ணனத்தான் கேப்பாங்க" என்றார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர்கள், பாதியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

அப்பா காலத்துச் சம்பளத்தை இன்றைய விலைவாசிக்கு மாற்றி, மகன், மகள் எல்லாரையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். நம் ஊரில் பத்துக்கு நாலுகூட வரவில்லை. முதலிடத்தில் இருந்த ஊர் எங்கேயோ கீழே கிடக்கிறது. இதை எடுத்துக்கொண்டு போனால், போன மாசம் மைக்கில் பேசினாயே அது என்ன என்றுதான் முதலில் கேட்பார்கள். என் பெயர் நாறப்போகிறது. அதையும் உன் மகள் வேனுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.

அப்பா மட்டும், நான் தெருத்தெருவாகக் கேள்வி கேட்டுப் போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

தமிழழகன்


12.4.2025

தம்பி,

உன் பெயர் நாறினால் துவைத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு போ.

சார் என்று கூப்பிட்டதற்கு வருத்தப்படமாட்டேன். மோர் கொடுத்தேனே, அதை எழுதினாயா? பெருங்காயம் போட்ட மோர். இரண்டு டம்ளர் குடித்தாய்.

நந்தினி உன் புதுக் கணக்கைப் பார்த்துவிட்டு, "மாமா நம்மளயும் சேத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப வேன் வரும்ல?" என்றாள். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். அறக்கட்டளைக் கூட்டம் என்றைக்கு என்று எழுது.

கண்ணகி


பெரம்பலூர்
2.5.2025

அக்கா,

வேன் இல்லை.

உட்கார்ந்து படி. நேற்றுமுன்தினம் கூட்டம் நடந்தது. புதுக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். விட்டுப்போனவர்கள் யார், ஏன் விட்டுப்போனார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் சிரித்துக்கொண்டே என்ன சொன்னார் தெரியுமா? "இத்தனை வருஷமா வேன் ஓட்டியும் பொண்ணுங்க இறங்கித்தான் இருக்காங்கன்னா, வேனால பிரயோசனம் இல்லன்னுதானே சார் அர்த்தம்? நிறுத்திடறதுதான் சரி."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. போன தடவை ஏறிவிட்டார்கள் என்று நிறுத்தினீர்கள், இப்போது இறங்கிவிட்டார்கள் என்று நிறுத்துகிறீர்கள், நாங்கள் எங்கே நின்றால்தான் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். இதில் இருக்கிற பெண்கள் எல்லாரும் வேன் வருவதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தவர்கள் அய்யா, வேனில் ஏறிப் போன முதல் பெண்ணே இப்போதுதான் காலேஜ் முடிக்கிறாள், அவள் சம்பாதிக்கிற வரைக்காவது பொறுங்கள் என்று கெஞ்சினேன். ஒருவர் வாட்சைப் பார்த்தார். ஒருவர் முந்திரிப் பருப்புத் தட்டை என் பக்கம் தள்ளினார். அடுத்த ஆய்வை வேறு காலேஜுக்குக் கொடுக்கிறார்களாம்.

அவர்களுக்கு முதலிலேயே நிறுத்த வேண்டியிருந்திருக்கிறது, அக்கா. நான் எந்தக் கணக்கைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தாலும் அந்தக் கையெழுத்துதான் விழுந்திருக்கும். இத்தனை வருஷம் படித்ததெல்லாம் இவர்களுக்குச் சாக்கு எழுதிக் கொடுக்கத்தானா?

நந்தினியை இங்கே அனுப்பு. எங்களோடு இருந்து படிக்கட்டும். மற்ற பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தமிழழகன்


20.5.2025

தம்பி தமிழழகனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அடுத்த நாள் ஜெயலட்சுமி வீட்டுக்குப் போனேன். அங்கிருந்து ஒவ்வொரு அரை வீடாகப் போனேன். நந்தினியை உன்னிடம் அனுப்பமாட்டேன். அவள் ஒருத்தி தப்பித்து, மற்றப் பிள்ளைகள் சாணி தட்டவா?

வைகாசித் திருவிழாவுக்கு வரி போட நேற்று சாயங்காலம் கோயிலில் கூட்டம். உனக்குத் தெரியுமே, நடராசன் மாமா பெயர் வாசிப்பார், ஆம்பளைகள் போய்க் கட்டுவார்கள், அரைகள் மதில் ஓரம் நின்று பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புவோம். நேற்று நாங்கள் நேராக நடுவில் போய் உட்கார்ந்தோம். என் பெயரை வாசித்ததும் முழு வரியைப் பாயில் வைத்தேன், மற்ற அரைகளும் வைத்தார்கள்.

மாமா பாதியை என் பக்கம் தள்ளினார். "உனக்கு அரைதான் ஆத்தா" என்றார்.

"முழுசா எழுதுங்க மாமா" என்றேன். "முழுசா கட்டறோம். முழுசா பேசவும் பேசுவோம். ரெண்டு நாள் ஆடல் பாடல் வெக்கறீங்கள்ல, அத ஒரு நாளாக் கொறைங்க. மிச்சக் காசுல புள்ளைங்களுக்கு வாடகை வேன் ஓடணும்."

அய்யய்யோ, என்ன ஆட்டம் ஆடினார்கள் தெரியுமா! சாமி காசில் வேனா என்று ஒருவன். ராஜதுரை எழுந்து, "பொம்பளைக்கு ஏதுய்யா தலைக்கட்டு? முழு ரசீது இருக்கற தலைக்கட்டுக்கு மட்டுந்தான் அச்சடிச்சிருக்கு, பொம்பள பேர எங்க எழுதறது?" என்று கத்தினான். பின்னால் இருந்தவன் விசில் அடித்தான். எங்களில் இரண்டு பேர் பயந்துபோய்ப் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போது அப்பா எழுந்தார். சமுதாயக் கூடத்தில் அன்று நான் கத்தியதிலிருந்து என்னோடு பேசாத மனுஷன். நான் வைக்கிற ரசத்தை வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறவர். எங்களுக்கு எதிராகத்தான் பேசப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் ரெண்டு தலைக்கட்டு கட்டறேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் மவனுக்கு. அவன் இந்த ஊர்ல இல்ல. அவன் பேர அடி. அந்த எடத்துல என் மவ பேர எழுது. ரசீதுல எடம் வந்துடுச்சுல்ல?" என்றார்.

நடராசன் மாமாவுக்கு பேனா ஓடவில்லை. "ராசாங்கம், பெத்த மவன் பேரையா அடிக்கச் சொல்ற? நாளைக்கு அவன் கேட்டா?"

"அவந்தான் ஏறிட்டான்ல. அவனே மைக்குல சொன்னான், நீயும் கைதட்டுன. மேலயே இருக்கட்டும். இவ கீழதான் இருக்கா, பின் கேட்டு வழியாத்தான் போறா, எல்லாரும் கேட்டுக்கங்க. ஆனா இங்கதான் இருக்கா. எழுது!"

தமிழு, நான் பி.எஸ்ஸி. பாஸ் செய்தபோதுகூட அப்பா இவ்வளவு சத்தமாக என் பெயரைச் சொன்னதில்லை. அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் நான் வாய்விட்டு அழுதேன்.

அதற்காக எல்லாம் நடந்துவிட்டது என்று நினைக்காதே. அரைகளில் என்னோடு சேர்த்து ஏழு பேரைத்தான் முழுசாக, கையாலேயே ரசீது எழுதிச் சேர்த்தார்கள், மற்றவர்களுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாமாம். ஆடல் பாடல் ஒரு நாளாகக் குறைந்தது. அந்தக் காசில் அரைப்பரீட்சை வரைக்கும் வேன் ஓடும். அதற்கப்புறம் யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்கள். பார்க்க விடமாட்டேன், மாசாமாசம் கூட்டத்தில் போய் உட்காருவேன். இப்போது எனக்கு அதற்கு வாய் இருக்கிறது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதற்குப் பதிலை எழுதியே அனுப்பு. திருவிழாவுக்கு வா. கட்டிக்கொடுத்த பெண்கள் வருகிற மாதிரி மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு விருந்தாளியாக வா, சாப்பாடு போடுகிறேன். இனிமேல் நம் ஊரை அளக்க யார் வந்தாலும் கோயில் பட்டியலைத்தான் கேட்பார்கள். அதில் ராசாங்கத்துக்கு ஒரே பிள்ளை. பெண். அப்பனைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறவள். நீ எந்த வரியிலும் வரமாட்டாய். எவனாவது உன்னைப் பற்றிக் கேட்டால், விட்டுடுங்கப்பா என்று சொல்லிவிடுகிறேன்.

அது எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
ரா. கண்ணகி
முழுத் தலைக்கட்டு